பஸ் ஏற ஒரு மணை

மதுரை பஸ்ஸில் இடம் பிடிக்க பஸ்ஸில் ஏற வேண்டிய அவசியமில்லை. ஒரு துண்டு இருந்தால் போதும். வண்டி நிலையத்துக்குள் நுழைந்து திரும்புவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்து வந்து விழுகின்றன. துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருக்குச் சொந்தம். நான் வெளியூர்க்காரன் மட்டுமல்ல, வெளிநாட்டுக்காரன். யாரோ மறந்துபோன துண்டு என்று நினைத்து, அதை அழகாக மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணே, துண்டு நம்மளது" என்றார். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நான் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸே சிரித்தது. அவனியாபுரம் வரை நின்றுகொண்டே போனேன்.

அதோடு போயிருந்தால் இதை வேடிக்கையாகவே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பயணத்தில் நான் வெட்கப்பட வேண்டிய காரியங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

மலேசியாவில் ஈப்போ நகரத்தில், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் நான் மேஸ்திரி. சக்கரமும் எஞ்சினும் உள்ள வெறும் சட்டமாக வண்டி வரும். தகரம் அடித்து, இருக்கை, ஜன்னல், படி எல்லாம் வைத்து பஸ்ஸாக்கி அனுப்புவோம். என் அப்பா வாலிப வயதில் அவனியாபுரத்திலிருந்து கப்பல் ஏறியவர். தாயில்லாத அவரை வளர்த்த அக்கா, என் அத்தை பேச்சியம்மாள், ஊரிலேயே இருந்துவிட்டார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. மாமாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபதுகளின் கடைசியில், அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து பகலிலேயே தட்டித் தடவி நடக்கிறார் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அப்பா அன்று சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ போய் அக்காவுக்குக் கண்ணைத் திறந்து வச்சிட்டு வா" என்றார்.

நீங்களும் வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அப்பா சில வருஷங்களாக வாசலைத் தாண்டுவதில்லை. முன்பு வாரம் தவறாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போய், கோயிலைப் பார்த்து, மார்க்கெட்டில் மீன் வாங்கி, பழைய கூட்டாளிகளோடு தேநீர் குடித்துவிட்டு வருவார். பிறகு நின்றுபோயிற்று. வயதாகிவிட்டது, வெளியே போகிற ஆசையும் விட்டுப்போயிற்று என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அத்தை வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அடுப்படியில் இருந்தார். என் குரலைக் கேட்டு எழுந்து வந்து முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். மூக்கு எந்தம்பி மூக்கு என்றார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும். ஈப்போவில் என் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் அந்த முதல் வாயோடு முடிந்தது. கண் தெரியாதவர் கையளவிலேயே உப்பும் புளியும் போட்டு வைத்த குழம்பு அது.

சாப்பிட்டதும் என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். நான் கட்டிய பஸ்ஸோடு எடுத்துக்கொண்ட போட்டோவை அத்தை கையில் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார், கடைசியில் விரலால் தடவி, வழவழவென்று இருக்கிறது என்று சொன்னார். கண் திறந்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று தன் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் தன்னுடையதைக் காட்டினார். அது ஒரு மணை. சாப்பாட்டுக்கு உட்காரும் பலகைதான், ஆனால் ஆசாரியிடம் சொல்லிக் கால்களை உயர்த்தி வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டியிருந்தது. பஸ் வந்ததும் மணையைத் தரையில் வைப்பார். அதில் ஏறி, அதிலிருந்து படியில் ஏறி, மேலே போனதும் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் கயிற்றை இழுத்து மணையை எடுத்துக்கொள்வார். கண் இருண்ட பிறகும் அவரைப் பழங்காநத்தம் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அந்த மணைதான்.

"ஏய்யா மருமகனே, நீ கட்டுற பஸ்ஸுல படி எம்புட்டு ஒசரம்? மணை வேணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் அத்தை, எங்கள் ஊர்ப் படி சாண் உயரந்தான், வீட்டு வாசல்படி மாதிரி ஏறிக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

பச்சைப் பொய். எங்கள் படி மதுரைப் படியைவிட உயரமே தவிர ஒரு விரற்கடை குறைவில்லை. ரப்பர் தோட்டத்துப் பாதையில் வண்டியின் அடி இடிக்கக் கூடாதென்று தூக்கித்தான் கட்டுவோம். இருக்கை மெத்தைக்கும் ஜன்னல் கம்பிக்கும் எங்கள் பட்டறையில் சண்டையே நடந்திருக்கிறது. படியைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நானும் திறந்ததில்லை. அதை அந்த மணைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தம்பி மகன் எப்படி யோசித்துக் கட்டியிருக்கிறான் பார் என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்குக் கிளம்பினோம். டாக்ஸி பிடிக்கிறேன் என்றேன். கார் வாடையில் குமட்டும் என்றார். சைக்கிள் ரிக்ஷா என்றேன். இன்னொருத்தன் கால் வலிக்க மிதிக்க நான் உட்கார்ந்து வருவதா என்றார். மணை இருக்கிறது, பஸ்ஸிலேயே போகலாம் என்று முடித்துவிட்டார்.

மணையை நான்தான் தூக்கி வந்தேன். சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் கயிறு கட்டிய அழுக்குப் பலகை. தெருவில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மலேசியாவிலிருந்து வந்தவனா, மடத்துச் சாப்பாட்டுக்குப் போகிறவனா என்று அவர்கள் நினைப்பதாக எனக்குத் தோன்றியது. நிறுத்தத்தில் இருந்த டீக்கடையில் அத்தைக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மணையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அத்தைக்கு அது தெரிய வழியில்லை.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். அத்தை படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணையை வைக்கச் சொன்னார். வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, நேரமாகுது. அந்தம்மாவ அலாக்காத் தூக்கி உள்ள போடுங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

தூக்கட்டுமா என்று அத்தையை நான் கேட்கவில்லை. இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அத்தை கை வேண்டாம் வேண்டாம் என்று காற்றில் துழாவியது. சேலை முழங்கால் வரை ஏறியது. ஒரு செருப்பு கீழே விழுந்தது. பின்னால் யாரோ, மூட்டைக்கும் டிக்கெட் வாங்கணுமா என்று கேட்க நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஏறினேன். டவுன் வரும்வரை அத்தை சேலையைக் காலுக்கு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார், இழுக்க வேண்டிய அளவுக்கு அது ஏறியிருக்காதபோதும்.

அதற்கு மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கண்ணைக் கட்டி, அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மண்டபத்தில் பந்தி போடும் கூடம் முழுக்க வரிசையாகப் பாய்கள். எல்லாப் பாயிலும் கண் கட்டிய கிழவர்கள், கிழவிகள். எதையும் பார்க்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள், பேசுவார்கள். அத்தை என் பஸ்ஸைப் பற்றிப் பேசினார். எந்தம்பி மகன் ஊரில் பஸ் படி சாண் உயரந்தானாம் என்று பாய்க்குப் பாய் செய்தி போய்விட்டது.

பக்கத்துப் பாயில் ஒரு நெசவுக்காரக் குடும்பத்து அம்மாள். வீட்டில் அவர்களுக்கு சௌராஷ்டிர மொழி. அவர் தன் மருமகளிடம் அந்த மொழியில் ஏதோ சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்கித் தமிழில் சொன்னாள்: பரமக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு, பஸ் படி ஏற முடியாமல் போகாமலே இருக்கிறாராம். உங்கள் ஊரில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளையைப் பார்த்திருப்பாராம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எங்கள் ஊர்க் கண்டக்டர் இறங்கி வந்து கை கொடுப்பார் என்றேன். முதல் இருக்கை வயதானவர்களுக்கே என்றேன். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரும் என்றேன். கட்டிய கண்களோடு எல்லோரும் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பஸ் எங்காவது ஓடினால் நானும் பார்க்க ஆசைப்படுவேன்.

அந்தப் பக்கப் பாயிலிருந்து, மில்லில் காவலாளியாக இருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க பஸ்ஸு கட்டுறவுக. டெப்போவுல போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க சொன்னா கெழடுக பொலம்புதுன்னுட்டுப் போயிருவாக."

போனேன். டெப்போ வாசல் வரை போனேன். உள்ளே நாலு மெக்கானிக்குகள் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். சாண் உயரப் படியை எப்படி வைத்தீர்கள், சக்கரம் எங்கே போயிற்று, அச்சு எங்கே போயிற்று என்று அவர்களில் யார் கேட்டாலும் நான் தீர்ந்தேன். கிழவர்களை ஏமாற்றலாம், மெக்கானிக்கை ஏமாற்ற முடியாது. உண்மையைச் சொல்லி, நாம் எல்லோருமே உயரமாகத்தான் கட்டுகிறோம், சட்டத்துக்குக் கீழே மடக்குப் படி ஒன்று வைத்துப் பார்ப்போமா என்று கேட்டிருக்கலாம். வழியெல்லாம் அந்தக் கணக்கு மனதில் ஓடியதும் நிஜம். ஆனால் வாசலிலேயே திரும்பினேன். ஒரு கடையில் கறி தோசை தின்றேன். அருமையான தோசை. மேலே கொத்துக்கறியும் முட்டையும் போட்டுத் திருப்பிப் போடுகிறார்கள், ஈப்போவில் இதற்கு வழியில்லை. அது தொண்டையில் இறங்குவதற்குள் பாதி ஆறிவிட்டது. மண்டபத்துக்கு வந்து, அதிகாரி இல்லை என்று சொன்னேன். பெரியவர், பரவாயில்லை தம்பி, போனீகளே அதுவே போதும் என்றார்.

கட்டு அவிழ்க்கும் நாள் நெருங்க நெருங்க எனக்கு அந்தப் போட்டோ நினைப்பாகவே இருந்தது. போட்டோவில் நான் பஸ் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, தொடையில் கை ஊன்றி, தலைவர் மாதிரி நிற்கிறேன். என் முழங்கால் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. படியின் உயரத்தைக் காட்ட இதைவிட நல்ல படம் யாரும் எடுத்திருக்க முடியாது. ஒரு மத்தியானம், எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து, அத்தை தலைக்கு வைத்திருந்த துணி மூட்டைக்குள் மெல்லக் கையை விட்டேன்.

"மருமகனா?" என்றார் அத்தை. "போட்டோ பத்திரமா இருக்குய்யா. கசங்காமத்தான் வச்சிருக்கேன்."

மூட்டையைச் சரி செய்தேன் என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் நின்றேன். கண் கட்டிக் கிடப்பவரிடம் திருடப்போய்ப் பிடிபட்டவன் என்ற நினைப்பு அன்று முழுவதும் விடவில்லை.

கட்டு அவிழ்த்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன டாக்டர், கொஞ்ச நாளைக்கு உடம்பு குலுங்கக் கூடாது, யாரும் தூக்கவும் இறக்கவும் வேண்டாம் என்றார். அதைக் கேட்டதும் பஸ் ஏறி அவனியாபுரம் டீக்கடைக்குப் போனேன். மணை கடைக்குள் ஆணியில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் துடைத்து வைத்திருந்தார்.

"ஏண்ணே, இத விட்டுட்டுப் போயிட்டீகளே, அந்தம்மா எப்புடி ஏறுச்சு?" என்றார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார். அத்தை சந்தைக்குக் கிளம்பும் நாள் பார்த்துத்தான் தெருவில் மற்ற வயதானவர்களும் கிளம்புவார்களாம். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அந்த மணையில் ஏறிய பிறகுதான் அத்தை கயிற்றை இழுப்பாராம். இந்த வாரம் யாரும் எங்கும் போகவில்லை என்றார்.

திரும்பி வரும்போது மணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன அண்ணே, கல்யாணத்துக்கா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். எங்கள் அத்தை பஸ் ஏற என்றேன். அந்தப் பயணத்தில் நான் கூசாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அத்தைக்குக் கட்டு அவிழ்த்து, தடித்த கண்ணாடி மாட்டிவிட்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலை வைத்து இன்னும் வயசு குறைவு என்று நினைத்தேன் என்றார். மணையை என் கையில் பார்த்தார். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

நிறுத்தத்தில் பஸ் வந்ததும் மணையைக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டேன். புதுக் கண்ணாடியில் படி பக்கத்தில் தெரிகிறதா தூரத்தில் தெரிகிறதா என்று புரியாமல் அத்தை காலால் துழாவினார். பிறகு மணையில் ஏறி, படியில் ஏறி, யார் கையும் படாமல் உள்ளே போனார். அன்றே வீடு திரும்பிய நெசவுக்கார அம்மாளும் பின்னால் ஏறினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாரே தவிர ஊதவில்லை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அத்தை எல்லாவற்றையும் பார்த்தார். சுவரொட்டி, சைக்கிள், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள், எதையும் விடவில்லை. பழங்காநத்தம் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் மூட்டையிலிருந்து போட்டோவை எடுத்தார். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். அவர் விரல் தரையிலிருந்து மெல்ல ஏறியது. சக்கரம், படி, என் ஷூ, என் முழங்கால். அங்கே நின்றது. நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த பஸ் இப்போதே குடை சாய்ந்தால் தேவலை என்றிருந்தது.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"எந்தம்பி இதுல எப்புடிய்யா ஏறுறான்?" என்றார்.

ஏறுவதில்லை என்றேன். வெளியே போவதை விட்டுவிட்டார் என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தபோதுதான், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டவுனுக்குப் போகும் பஸ்ஸைத் தலை திருப்பிப் பார்க்கும் அப்பாவின் முகம் என் நினைவுக்கு வந்தது. ஆசை விட்டுப்போனவர் பஸ்ஸை அப்படிப் பார்க்க மாட்டார். அந்தத் தடத்தில் ஓடும் பஸ்கள் பாதிக்கு மேல் என் கையால் கட்டியவை. அத்தை போட்டோவை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஊருக்குக் கிளம்பிய நாள் அத்தை நிறுத்தம் வரை வந்தார். மணையைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உங்களுக்கு வேண்டுமே என்றேன். ஆசாரியிடம் வேறு சொல்லியாயிற்று என்றார்.

"அக்கா குடுத்துவிட்டுச்சுன்னு சொல்லு. பஸ்ஸு கட்டுற மகன் இருக்கையில மணை எதுக்குன்னு அவன் கேட்டான்னா, அதுக்கு நீயே பதில் சொல்லிக்க."

ஈப்போவுக்கு வந்து, அக்காவுக்குக் கண் திறந்துவிட்டது என்று சொல்லி மணையை அப்பா கையில் கொடுத்தேன். பதிலை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. பலகையைத் தடவிப் பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். மறுநாள் காலை நான் பட்டறைக்குக் கிளம்பும்போது, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, மணையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். டவுனுக்கு முதல் பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா என்று கேட்டார்.